என் பெயரில் ஓர் அறிக்கை

விளக்குத்தூணில் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச்
சொல்லிவிட்டுக் கிளம்பினோம், நானும் மதினியும்.
லெஸ்டரிலிருந்து அவள் வந்து பதினோரு நாள்.
ராத்திரி ஃபிளைட்.

ஆட்டோ கோரிப்பாளையம் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு, சிக்னலில்:
"அங்க மூணு லெட்டர் வந்துச்சு கயலு,
காசு கேக்காத லெட்டர்,
நாளும் நேரமும் அவுகளே போட்டு.
மூணையும் அரிசி டிரம்முக்குப் பின்னாடி சொருகிட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"தமிழ்ல எடுத்துச் சொல்ல வர்ற பொம்பள
வெள்ளிக்கிழம கோயில்ல எம்பக்கத்துல வெளக்குப் போடுறவ.
பிள்ளைக்கு வரன் பாக்குற நேரம்.
ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும்பாக.
கடல் தாண்டியும் நம்ம தெருதான்டி அங்க,
குளிர்தான் கூடுதல்."

அந்த வியாதியின் பெயரை
இருவருமே சொல்லவில்லை.

கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பெயர் கேட்டாள்.
மதினி என்னைப் பார்த்தாள்.
நிதானமாகச் சொன்னாள்:
அங்கயற்கண்ணி. வயது ஐம்பத்திரண்டு.
என் போன் நம்பரையும்.

அவளது தாலிக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்து
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தது.
வெளியே வந்தவள்
"சப்பாத்தி மாவா என்னய நெனச்சிட்டா அந்தப் புள்ள" என்று
கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள்.

விளக்குத்தூணுக்கும் போனோம்.
சொன்ன பொய்க்கு ஒரு மீட்டர் துணியாவது வேண்டுமே.
அரக்குக் கலர்.
கடையிலேயே பேசி வைத்துக்கொண்டோம்:
ஒன்றுமில்லை என்றால், அளவு சரியாக இருக்கு.
இருக்கு என்றால், பிரித்துத் தைக்கணும்.

செவ்வாய்க்கிழமை, குக்கர் மூன்றாவது விசிலில் வந்தது.
மேலே தடித்த எழுத்தில் என் பெயர்.
இடது பக்கம்,
கடிகாரத்தில் இரண்டு மணி இருக்குமிடத்தில்,
ஒன்பது மில்லிமீட்டர்.
ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

என் பெயர் என்பதால் கை தானாக என் இடப்பக்கம் போனது.
ஐம்பத்திரண்டு வருஷத்தில்
குளிக்கும்போதுகூட
இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

அங்கே விடிந்திருக்காது. இருந்தும் அடித்தேன்.
"பிரிச்சுத் தைக்கணுமா?" என்றாள், ஹலோ சொல்லாமல்.
"ம்."
"கழுத்தா, கையா?"

"மார்பு, மதினி."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம்
ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்.
பிறகு எதையோ தரையில் இழுக்கிற சத்தம்,
கனமாக,
அரிசி நிறைய இருந்திருக்கும்.

அடுத்த வாரம் தனியாகப் போனேன்,
வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்.
பெயரைச் சொன்னதும்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சத்தமாகக் கேட்டாள்:
"போன வாரந்தானக்கா மார்புக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

பதில் சொல்லுமுன்
வரிசையில் நம்ம தெரு ஆள் யாரும் நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.