பைய

ஐஸ் சறுக்கி, லாஞ்சுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தான்
தேசப்பன், என் புருஷன்.
ஸ்டான்லியில் மூணாவது மாடி.
இடுப்பெலும்பு.

கட்டில் மாற்றும்போது
"பைய... பைய" என்றாள் நர்சு.
நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தான் மஞ்சப்பையை.
உள்ளே ஆதார், காப்பீட்டு அட்டை, டீசல் கணக்கு நோட்டு,
நானூற்றுப் பத்து ரூபாய்.
அந்த வலியிலும் கொஞ்சம் யோசித்துவிட்டு
"இந்தா, எட்த்துக்கோ" என்று நீட்டினான்.

ஜெபக்கனிக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம்.
பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
ஊசித்தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தாள்.

பத்தொன்பது நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
ஊசி போடும்போது பைய.
எதிர்க்கட்டில் தாத்தாவுக்குக் கஞ்சி இறங்கும்போது பைய.
மூத்திரப்பை மாற்றும்போதும் பைய,
அதுமட்டும் இரண்டு கணக்கிலும் சேரும்.
ஒரு ராத்திரி ரத்தம் நிற்காமல் ஒரு பையன் வந்தான்.
ஸ்ட்ரெச்சரோடு ஓடிக்கொண்டே கத்தினாள்:
"சீக்கிரம் தள்ளுங்கண்ணே... பைய!"

அங்கேதான் எனக்குக் குழம்பியது.
மெதுவா எனக்குத் தெரியும்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால்
மாட்டிக்கொண்ட பஸ் அது.
ஓடிக்கொண்டே எப்படி?

"இன்னாமா அர்த்தம் அதுக்கு?"
"மெதுவான்னுதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.
டிரிப் சொட்டுவதை எண்ணிவிட்டு,
"பையன்னா பையதான்க்கா" என்றாள்.

காசிமேட்டு ஏலத்தில்
குரல் தணிந்தால் கூடை கைமாறிவிடும்.
எங்கள் வீட்டிலும் அதே தொண்டைதான்.
இருபத்தேழு வருஷமாக
"இன்னா மே, எவ்ளோ நேரம்" என்றால்
வா என்றும் பொருள், சாப்பிட்டியா என்றும் பொருள்.
நான்தான் பிரித்து எடுத்துக்கொள்வேன்,
வலையிலிருந்து நண்டைப் பிரிப்பதுபோல.

நேற்று விடியக்காலம் மூணு மணி.
ஐஸ்பெட்டியைத் தலைக்கு ஏற்றுகிறேன்.
கைத்தடியோடு வாசல்வரை வந்து நின்றவன்
தொண்டையைச் செருமினான்.
"பைய மே."

பெட்டி தலையில் இருக்க, திரும்ப முடியாமல்
"எந்தப் பை?" என்றேன்.

தெரிந்துதான் கேட்டேன்.
இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்து
என் கையில் மாட்டிவிட்டான்.
ஏலத்துக்கு நேரமாகிவிட்டது.