பதிலுக்கு ஒரு தாள்

பத்தமடை தபாலாபீசில்
இன்லண்டு லெட்டர் இரண்டு கேட்டேன்.
ஒன்று நான் எழுத,
ஒன்று அவன் எழுத.
கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் படித்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.

பலவேசம்,
த.கை. எண் 6182,
மத்திய சிறை, பாளையங்கோட்டை.

மேலே என்ன போடுவது?
அன்புள்ள என்று வராது.
நலம், நலமறிய அவா என்றும் வராது.
பதினோரு வருசம் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன்,
அதையும் விட்டுவிட்டேன்.
தேதியைப் போட்டு ஆரம்பித்தேன்.

இது மன்னிக்கதுக்கு எழுதுத கடிதாசி இல்ல.
அப்படி யாரும் உன்கிட்ட சொல்லியிருந்தா பொய்.
பிசானத்துக்குத் தண்ணி விட்டாச்சு.
நம்ம மடைக்கு இப்பவும் பாதி ராத்திரிக்குத்தான் வருது.
யாருக்கு எத்தனை மணி வரைக்கும்னு
சீட்டு எழுதி ஒட்டியிருக்காவ,
இப்ப.

போலீசு வாட்சத் தந்துட்டு. செருப்புல ஒண்ணத் தந்துட்டு.
டார்ச்சு லைட்டு இன்னும் கோர்ட்டுல கெடக்கு.
சாட்சி சொன்ன ஆறு பேரும்
சத்தம் கேட்டு ஓடி வந்தவிய.
சத்தத்துக்கு முந்தி அங்கன நின்னது நீங்க ரெண்டு பேரு.
இப்ப நீ ஒருத்தன்.

அவியளுக்கு வாய் திக்கும்னு உனக்குத் தெரியும்.
பள்ளிக்கூடத்துல பட்டப்பேரு வச்சதே நீதான்.
கோவம் வந்தா இன்னும் மோசம்,
மொத எழுத்துலயே நின்னுரும்.
நான் கையில உள்ளதக் கீழ வச்சுட்டு நிப்பேன்.
முடிச்சுக் குடுக்க மாட்டேன்.
குடுத்தா அவியளுக்குப் பிடிக்காது.

வெட்டு எத்தன, ஆழம் எத்தன,
எல்லாம் சென்டிமீட்டர்ல எழுதி வச்சிருக்காவ.
என்ன சொல்ல வந்தாவன்னு
வக்கீலும் கேக்கல, ஜட்ஜும் கேக்கல.
நீ மம்பெட்டிய ஓங்குனப்போ
அவிய வாயில என்ன இருந்துச்சு?
முழுசும் தெரியாட்டா போவுது.
கேட்ட வரைக்கும் எழுது.

பிரிச்சுப் படிக்க ஜெயில் ஐயாவுக்கு:
இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல.
ஒட்டாமதான் அனுப்புதேன்.

உலகம்மாள் என்று எழுதி
என் முகவரி போட்ட வெறுந்தாளை உள்ளே மடித்து வைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள்
போஸ்ட்மேன் சொர்ணராஜ் சைக்கிளை விட்டு இறங்காமல்
நடையில் போட்டுவிட்டுப் போனார்.
என் கையெழுத்திலேயே எனக்கு வந்த கடிதம்.

பிரித்தால் மூன்று பக்கமும் வெள்ளை.
நடுவில் மட்டும்,
ப ப ப
அவ்வளவுதான். பேர்கூட இல்லை.
கடைசி எழுத்தின் மேல் ஊதா மையில்
சிறை முத்திரை உட்கார்ந்திருந்தது.

பலவேசம் என்று கூப்பிட வந்தாரா?
பகவதி என்று, மகளையா?
பத்து நிமிசம் என்றா?
பத்து நிமிசத் தண்ணீர்தான் பாக்கி இருந்தது,
கேஸ் கட்டில் அது இருக்கிறது.
படுபாவி என்றா?
அரிசி களைந்துகொண்டே ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்த்தேன்.
எல்லாமே சேர்ந்தது.

மூன்று வரைக்கும் நின்றிருக்கிறான்.

வீட்டில் அவருக்கு
ஐந்து வேண்டியிருக்கும்.