இரண்டு வாளி

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தது காகிதம்.
ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை
தண்ணீர் வராது.
மேல்தொட்டி கழுவுகிறார்கள்,
வெயிலுக்கு முன்னால் மொட்டைமாடிக்குச்
சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.
குடியிருப்போர் செய்ய வேண்டியது:
இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்வது.

திரும்பவும் படித்தேன்.
நாலாம் மாடி வந்து கதவு திறந்து
நான் இறங்காமலே மூடிக்கொண்டது.

பாலக்கோட்டில் மாசி பிறந்தால்
கயிறு, பிளீச்சிங் பவுடர், தேய்ந்த துடைப்பம்
மூன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு
திம்மராயன் ஏணியில் ஏறுவார்.
சர்க்கரை ஆலையில் ஃபிட்டர்;
தன் வீட்டு வேலைக்கு
இன்னொருத்தன் கையை நம்பாதவர்.
கீழே நின்று ஏணியைப் பிடிப்பது என் வேலை.
முப்பத்தோரு மாசி
அவர் குதிகாலை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.
இடது காலில் மூன்று வெடிப்பு,
வலது காலில் ஐந்து.
முகத்தை நடுவில் மறந்தாலும் மறப்பேன்.

முந்தின வருஷம் ஏழாம் படியில் வழுக்கினார்.
தர்மபுரி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
இடுப்பில் போட்ட திருகுகளை எண்ணினார்.
மூணாவது சரியா முறுக்கல, என்றார் டாக்டரிடம்.

வீட்டை விற்றோம்.
வாங்கினவருக்கு ஏணியை நான்தான்
இனாமாகக் கொடுத்தேன்.
பத்திரத்தில் அது இல்லை.
அவருக்கும் சொல்லவில்லை.
லாரியில் ஏற்றாமல் விட்டுப்போச்சு போல
என்று அவர் இன்னும் ஓசூரில் உட்கார்ந்து
லாரிக்காரனைத் திட்டுகிறார்.

அந்த வீடு எனக்கு நினைவுக்கு வருவதில்லை.
என் முழங்கால்தான்
மழைக்காலத்தில் அதைப் பற்றிப் பேசும்.
இங்கே மாதம் மூவாயிரத்து நானூறு.
கரையான் அவர்கள் பாடு,
மோட்டார் அவர்கள் பாடு,
பைப்பில் காற்று அடைத்தாலும் அவர்கள் பாடு.
கதவைப் பூட்டிக்கொண்டு
பத்து நாள் மகள் வீட்டுக்குப் போனால்
ஒரு சருகு கூட என்னைத் தேடாது.

வசந்தத்துக்கு நான் செய்தது இவ்வளவுதான்:
மார்கழிக் குளிருக்கு வாங்கிய கம்பளி இரண்டையும்
பால்கனிக் கம்பியில் வெயிலுக்குப் போட்டேன்.
ஸ்வெட்டர்களுக்கு நடுவே வேப்பிலை வைத்து மடித்தேன்.
மணி பார்த்தால் இருபது நிமிஷம்.
கீழே காம்பவுண்டு புங்கமரம்
ஒரே வாரத்தில் தளிர்த்து மினுமினுக்கிறது,
யாரும் எண்ணெய் தடவாமலே.
அதற்கப்புறம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.
நன்றாகவே இருந்தது.

எதிர்வீட்டு வெங்கடலட்சுமம்மா
யுகாதிப் பச்சடிக்கு
வேப்பம்பூ எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.
வாட்ச்மேன் முனிராஜுவிடம் சொல்லு, என்றேன்.
எல்லாவற்றுக்கும்
யாரிடமாவது சொல்ல முடிகிற வாழ்க்கை.

ஞாயிறு காலை
பேப்பர் வாங்கப் போகிறேன் என்றார்.
இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம்.
பால்கனியில் நின்றேன்.
மலைக்கோயிலுக்குத் தேர் அலங்காரம் தொடங்கியிருந்தது;
ஒலிபெருக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று
தன்னையே சோதித்துக்கொண்டிருந்தது.
தலைக்கு மேலே, மொட்டைமாடியில்,
யாரோ யாரையோ அதட்டும் சத்தம்.
மூலையைத் தேய்டா, மூலையை.
அந்தக் குரலுக்கு
நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

பேப்பர் இல்லாமல் வந்தார்.
கடை மூடியிருக்கு, என்றார்.
முழங்கைச் சட்டையில் வெள்ளை.
லிஃப்டில் பெயின்ட் அடிச்சிருக்கான், என்றார்.
செருப்பைக் கழற்றினார்.
வலது குதிகால், ஐந்து வெடிப்பு,
ஐந்திலும் சுண்ணாம்பு.

வாளியில் ஒன்றை வாசலுக்கு இழுத்தேன்.
சொம்பில் மொண்டு ஊற்றினேன்.
காலைத் தானே தேய்த்துக்கொண்டார், சுவரைப் பிடித்தபடி.
எத்தனை படி என்று கேட்கவில்லை.

யார் பிடிச்சது?

தொட்டி கழுவ வந்த பையன்.
கொஞ்சம் நிறுத்தினார்.
மேல பாக்கவே மாட்டேங்கறான்,
போனையே பாக்கறான்.