பெற்றுக்கொண்டவர் ஒப்பம்

முருகையா சதாகரன்.
முருகையா சதாகரன்.
முருகையா சதாகரன்.

பருத்தித்துறைக் கோட்டு விறாந்தையில் நின்று
மூன்று தரம் கூப்பிட்டார்.
முதலில் தவணைக்கு வந்திருந்த சனத்தைப் பார்த்து,
பிறகு கேற்றைப் பார்த்து,
அதற்கப்பால் ஒன்றும் இல்லாதபடியால்
கடலைப் பார்த்து.

இங்கே பத்து மணி. பாசலில் விடிய ஐந்தரை.
யாராவது புரண்டு படுத்திருப்பார்களோ என்னவோ.
எதிராளி சமுகமில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.
பன்னிரண்டு வருடமாய் எனக்குத் தெரிந்த சங்கதி.

கோபத்தில் வைத்த வழக்கில்லை இது.
பாமசி ஒன்று போடக் காசு தேவைப்பட்டது.
தும்பளையில் சீதனமாய் எழுதின ஆறு பரப்பு,
உப்புக் கிணறு, இரண்டு பனை.
விற்கப் போனால்,
"தேசவழமை, பிள்ளை" என்றார் நொத்தாரிசு.
"காணி உம்மட பேரிலதான்.
அவற்ற ஒப்பமும் வேணும்."

ஒப்பத்துக்காகத்தான் ஆளைத் தேடினேன்.
ஆள் கிடைக்காதபடியால்
ஆளை விட்டுவிட முடிவெடுத்தேன்.

கூடி வாழ்ந்த நாட்கள்?
முப்பத்தொன்று.
விசா முப்பதுக்குத்தான்.
ஒரு நாள் மேலதிகமாய் நின்றதற்குக்
கொழும்பில் தண்டம் கட்டிவிட்டுப் போனவர்.
அந்த ஒரு நாளை
நான் கனகாலம் வைத்திருந்தேன்.

கைவிட்ட திகதி?
அதுதான் சொல்லத் தெரியவில்லை.
ஞாயிறுக்கு ஞாயிறு வந்த அழைப்பு
மாதத்துக்கொன்றாகி, வருடப் பிறப்புக்காகி,
பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை என்று
ஒரு பெண் குரல் வேற்று மொழியில் சொன்னது.
சட்டத்தரணி விமானம் ஏறின நாளைப் போட்டார்.
அன்றைக்கு அவர் அழுதவர்.
பத்திரத்தில் அதற்கு இடமில்லை.

அழைப்பாணையை ஜேர்மன் மொழிக்கு மாற்ற
யாழ்ப்பாணத்தில் ஒருவர் பக்கத்துக்கு மூவாயிரம் கேட்டார்.
'தீங்கெண்ணத்துடன் கைவிட்டமை' என்ற இடத்தில்
பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார்.
"இது சரியான நீளச் சொல்லாய் வருமே" என்றார்.
வரட்டும் என்றேன்.

இரண்டு தரம் திரும்பி வந்தது.
மூன்றாம் தரம் வந்தது அட்டை மட்டும்.
பெற்றுக்கொண்டவர் ஒப்பம் என்ற கோட்டின் மேல்
தமிழில், வடிவான எழுத்தில்,
ச. அபிநயா.

என் அடையாள அட்டையில் இருக்கிற அதே ச.

பதினொன்று இருபது என்று நேரம் குத்தியிருந்தது.
மணி அடிக்க, அடுப்பைக் குறைத்துவிட்டு,
ஈரக் கையைத் துடைத்து வந்திருப்பாள்.
பார்சல் என்று நினைத்திருப்பாள்.
எந்தப் பிரதியை முதலில் வாசித்தாளோ,
தமிழையோ, அந்த நீளச் சொல்லையோ.

சட்டத்தரணிக்குப் புளுகம் தாங்கவில்லை.
"இனி மற்றக் காரணத்தையும் சேர்க்கலாம்!"
வேண்டாம் என்றேன்.
அவள் எனக்கு ஒரு ஒப்பம் தந்திருக்கிறாள்,
அவர் தராதது.

"இது எதிராளியின் ஒப்பம் இல்லையே?"
"வீட்டாருடையது, கனம் நீதிபதி அவர்களே."
"வீட்டார் என்றால்?"
சட்டத்தரணி என்னைப் பார்த்தார்.
"மனைவி" என்றேன்.
பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை.
"அப்போ நீர்?"
"நானும்தான், ஐயா. அதை மாத்தத்தான் வந்தனான்."

இடைக்காலத் தீர்ப்பு.
மூன்று மாதம் போகத்தான் முழுசாய் ஆகும்.

பின்னேரம் வேலைக்குப் போய்,
மருந்து உறை ஒன்றின் பின்பக்கத்தில்
அப்பாவின் எழுத்தை முன்னுக்குப் போட்டு
ஒப்பம் வைத்துப் பார்த்தேன்.
வே. கலைவதனி.
வே வளையும் இடத்தில் கை தடக்கியது.
இன்னொருக்கால்.

"காலமையும் இரவுமோ, அக்கா?"
காத்து நின்றவர் கேட்டார்.

ஓம்.
சாப்பாட்டுக்குப் பிறகு.