நாலு எண்ணும் வரை

புதுசு பதினெட்டாயிரம்.
இது ஏழு.
பர்மா பஜாரில் இலியாஸ் பாய்
துடைத்துத் துடைத்துக் காட்டுகிறார்:
"ரீபர்பிஷ்டு. ஆறு மாசத்துக்கு
என் வாய்தான் கேரண்டி."

பேட்டரி மூடியில் பிளாஸ்திரி,
பாதி அழிந்து: 'டெல்பின் ஸ்டுடியோ, கா'
காசிமேடா, காலடிப்பேட்டையா?

எதிர்க்கடை ஷட்டரில் அடித்துப் பார்த்தேன்.
சிவப்பு விளக்கு திரும்ப வர
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு.
அதற்குள் மூணு முடிச்சும் விழுந்து
மாப்பிள்ளை வியர்வை துடைத்திருப்பான்.

போன். தண்டையார்பேட்டை.
நாளை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம்.
ஐஸ்பெட்டிக் கண்ணாடி
வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்;
பிளாஷின் கழுத்தைக் கூரைப்பக்கம் திருப்பினேன்,
முனகிக்கொண்டே திரும்பியது.

நாலு என்ன,
நாற்பது எண்ணினாலும் அசையமாட்டார் அவர்.

இது ஆடி.
ஏழாயிரத்தை எண்ணி வைத்தேன்.
பிளாஸ்திரியைப் பிய்க்கப்போன பாயிடம்
இருக்கட்டும் என்றேன்.