ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை.
அந்தப் பக்கம் ஸ்டேஷன்.
கேட் போட்டால் இருபது நிமிஷம்,
டேங்கர் வண்டி என்றால் எண்ணிக்கொண்டே நிற்கலாம்.

ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கரண்ட் பில்.
தாளைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவேன்.
காலையில் வருபவர்களுக்கு வேலை வேண்டும்,
மதியம் வருபவர்களுக்குக் கடன்.
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருகிறவர்கள் கையில்
பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்.
அவர்களிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

எஸ்தர் அப்படித்தான் வந்தாள்.
வெள்ளிப் பட்டை வைத்த மாநகராட்சிக் கோட்டைக்
கழற்றக்கூட இல்லை.
கேட்காமலே சொன்னாள்:
"நேத்து ராத்திரி ஒம்போது மணிக்கு
புரோட்டா வாங்கியாரப் போனான்.
கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தவன
வண்டில ஏத்திக்கினு போய்ட்டாங்க."

மார்க்கெட் பக்கம் யாரோ செல்போன் பறித்திருக்கிறார்கள்.
நாலு பேர் என்றிருக்கிறார் பறிகொடுத்தவர்.
மூன்று பேர்தான் கிடைத்திருக்கிறார்கள்.
ஆமோஸ் நாலாவது.

பத்தாம் வகுப்பு, பி பிரிவு.
வயது பதினைந்து,
மீசை இன்னும் ஒரு சந்தேகம்தான்.
அங்கே எழுதியிருந்தது பத்தொன்பது.
"ஆளு உயரமா இருக்கான்லம்மா"
என்றாராம் எழுதியவர்.

பிடித்தது இரவு ஒன்பது.
கைது என்று எழுதியது மறுநாள் மாலை நாலு.
வயதில் நாலைக் கூட்டினார்கள்,
நேரத்தில் பத்தொன்பதைக் கழித்தார்கள்.
கணக்கு நேராகிவிட்டது.

தாளில் இல்லாததை
என் மெஷின் நகலெடுக்காது.
அந்தப் பத்தொன்பது மணி நேரத்தில்
எந்தச் சுவரோரம் உட்கார வைத்தார்கள்,
யாரோடு,
தண்ணீர் கேட்டானா,
ஜன்னல் வழியாக அவள் பார்த்தபோது
ஏன் குதிகாலை ஊன்றாமல் நின்றான்.

சான்றிதழ் நாலாக மடித்து நைந்திருந்தது.
மடிப்பு சரியாக வருஷத்தின் மேல்.
முதல் நகலில் கடைசி இலக்கமே இல்லை.
அடுத்ததில் அது மூன்றா எட்டா தெரியவில்லை.
இந்த ஊரில் அது போதும்,
ஒரு மூன்று எட்டாகத் தெரிந்தால் போதும்.
டோனரை மாற்றினேன்.
கண்ணாடியை என் சட்டை நுனியால் துடைத்தேன்.
ஏழாவது நகலில் ஆமோஸ் பிறந்தான்,
தெளிவாக, கருப்பாக, தேதியோடு.

வக்கீல் தஸ்லிமா கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஸ்கூட்டரில் காத்திருந்தார்.
அவர் குரல் எஸ்தரின் போனிலிருந்து எனக்கும் கேட்டது.
"ஸ்கூல் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கோங்க.
சின்னப் பையனை லாக்கப்புல வைக்கவே கூடாதுக்கா.
இருபத்து நாலு மணி நேரம் இப்பவே தாண்டிடுச்சு."

சட்டம் அந்தப் பக்கம்.
தாள் இந்தப் பக்கம்.
நடுவே டேங்கர்கள் போய்க்கொண்டிருந்தன,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
அவசரமே இல்லாமல்.
எஸ்தர் கம்பிக்கு அடியில் குனிந்து
தண்டவாளத்தை ஒட்டிப் போய் நின்றாள்.
வண்டி விளக்கு பட்டபோதெல்லாம்
அவள் முதுகில் பட்டை மின்னியது.

மேஜையில் பதினாலு ரூபாய் இருந்தது.
கெட்டுப்போன நகல்களுக்கும் சேர்த்து
எண்ணி வைத்திருந்தாள்.

பதினோரு நாள் கழித்து ஆமோஸ் வந்தான்.
உயரம்தான்.
கடை வாசல் பலகையில் இடிக்காமலிருக்கக்
கொஞ்சம் குனிந்தான்,
அதற்குப் பிறகும் நிமிரவில்லை.

பள்ளி அடையாள அட்டையை நீட்டினான்.
"லேமினேட் பண்ணா கிழியாதுல்லண்ணா?"
கிழியாது.
"தண்ணி பட்டா?"
ஒன்றும் ஆகாது.
"பின்னாடி ஒரு தாள் வெச்சு
பொறந்த தேதிய மட்டும் பெரிசா போட முடியுமா?"
எவ்வளவு பெரிசா, என்றேன்.

கேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"டார்ச் அடிச்சா தெரியற மாதிரி."