முட்டை வெந்த தண்ணீர்

நீஸ் துறைமுகத்துக்கு மேலே நாலாவது மாடி.
ஜூலை. ஜன்னல் பலகைகளை மூடியும்
வெயில் கோடுகோடாக உள்ளே வந்து
மேசைமேல் படுத்துக்கொள்கிறது.
இன்று அடுப்பு கூடாது என்றேன்.
முட்டைக்கு மட்டும் என்றான் வில்ஃப்ரித்.
சரி, முட்டைக்கு மட்டும்.

மரக்கிண்ணத்தின் உள்ளே பூண்டைத் தேய்த்தேன்.
தக்காளியை நாலாக வகிர்ந்து உப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உப்பு.
அழட்டும் என்று விட்டுவிட வேண்டும்;
அழாத தக்காளிக்கு ருசி கிடையாது.
வினிகர் எங்கள் தெருவில் யாரும் சேர்ப்பதில்லை.
சேர்ப்பவர்கள் வெளியே சொல்வதில்லை.

தோலுரித்த பச்சை அவரை, வெங்காயத்தாள்,
முள்ளங்கி, பிஞ்சு ஆர்ட்டிசோக்கின் நெஞ்சு,
சுண்டுவிரல் நகம் அளவில் கறுப்பு ஆலிவ்.
நெத்திலியா சூரையா, ஏதாவது ஒன்று.
இரண்டையும் போடுகிறவர் பணத்தைக் காட்டுகிறார்.
எனக்கு நெத்திலி. உப்பில் கிடந்ததைக் கழுவி
முள்ளை ஒரே இழுப்பில்,
ஜிப்பைத் திறப்பதுபோல்.

வெந்த காய் எதுவும் கூடாது. அது சட்டம்.
யார் எழுதியது என்று கேட்காதீர்கள்.
வில்ஃப்ரித் கேட்டான், கல்யாணமான முதல் கோடையில்.
லீல் பக்கத்துக்காரன்;
மழையும் உருளைக்கிழங்கும் விளைகிற பூமி.
எனக்கு இது இரண்டாம் கல்யாணம், நாற்பத்தொன்பதில்.
அவனுக்கு முதலாவது, ஐம்பத்தாறில்.
சண்டை போடும் விதமும் வேறு வேறு:
எனக்குக் கதவு,
அவனுக்கு மூன்று நாள் மௌனம்.

சட்டியின் ஓசை மாறியிருந்தது.
முட்டை தட்டுவது எனக்குத் தெரியும், டிக், டிக்.
இது கனமாக, டொக்.
மூடியைத் தூக்கினேன்.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு.
இவன், இரண்டு முட்டைக்கு நடுவே
ஒரு உருளைக்கிழங்கு.
சின்னது. தோலோடு.
தானும் முட்டைதான் என்று
ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எப்படியும் கொதிக்கிறதே, ரெப்பராத்,
என்றான் ஜன்னலைப் பார்த்தபடி.
காது மட்டும் சிவந்திருந்தது.
முட்டைகளை எடுத்துக் குளிர்நீரில் போட்டேன்.
கிழங்குக்கு இன்னும் பத்து நிமிடம் வேண்டும்.
அடுப்பை அணைக்காமல் விட்டது
நான்தான்.

கிண்ணம் நடுவில்.
கிழங்கு தனித்தட்டில், அவன் முழங்கையோரம்,
அழைக்காத கல்யாணத்துக்கு வந்த
சித்தப்பா மாதிரி.
பேசாமல் சாப்பிட்டோம். முட்டை நன்றாக இருந்தது.
கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.

கிண்ணம் காலியானதும் அடியில்
தக்காளி அழுதது, ஆலிவ் எண்ணெய்,
நெத்திலி விட்டுப்போன கடல்,
கிழிந்த பேசில் இலை ஒன்று.
ரொட்டியால் துடைத்துத் தின்பது வழக்கம்.
ரொட்டி வாங்க மறந்தது யார் என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிண்ணத்தை அவன் தட்டில் சாய்த்தேன்.
கிழங்கு பிளந்து குடித்தது.
சாற்றைப் பற்றிச் சட்டத்தில்
ஒன்றும் சொல்லவில்லை.

முள்கரண்டியில் பாதியை என் பக்கம் நீட்டினான்.
உப்பு போதவில்லை என்றேன்,
வாய் நிறைய.